கேள்விக்கு நகர்ந்த குடங்கள்

முள்ளூரணியில் குடங்கள் இடம் மாறிய கதையைக் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் குடம் எப்படி நகர்ந்தது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கிறவர்களிடம் எனக்குப் பேசப் பிடிப்பதில்லை. வெயில் அடிக்கிறது, ஆடு குட்டி போடுகிறது, குடம் நகர்ந்தது, அவ்வளவுதான். நகர்ந்த குடத்தை வைத்துக்கொண்டு என் ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் கதை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தின்ற சோறு நெஞ்சுக்கு வருகிறது.

ஊரின் பேரில்தான் ஊரணி இருக்கிறதே தவிர, ஊரணிக்குள் சீமைக்கருவேலம்தான் இருக்கிறது. குடிக்கிற தண்ணீர் எங்கோ இருக்கிற ஆற்றிலிருந்து குழாய் வழியாக வர வேண்டும், அதுவும் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வருகிற தண்ணீருக்குப் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி ஒரே ஒரு பித்தளைக் குழாய். அந்தக் குழாய்க்கு முன்னால் எங்கள் ஊரில் மனிதர்கள் வரிசையில் நிற்பதில்லை, குடங்கள்தான் நிற்கும், வெயிலிலும் காற்றிலும், தண்ணீர் வருகிற நாளிலும் வராத நாளிலும், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடம், ஒவ்வொரு குடத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்து ஓர் இடம், அந்த இடத்தை விட்டு ஒரு விரற்கடை தள்ளி வைத்தாலும் அரிவாள் வெளியே வரும். தன் குடத்தின் முறை வரும்வரை யாரும் அதன்மேல் கை வைக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. பெண் பார்க்க வருகிறவர்கள் நகை எவ்வளவு என்று கேட்கும் முன்னால் குடம் எங்கே நிற்கிறது என்று கேட்பார்கள். முன்வரிசைக் குடத்து வீடு என்றால் கொடுத்த காப்பியை அடிவரை குடிப்பார்கள், நடுவரிசை என்றால் பாதி டம்ளரோடு எழுந்துவிடுவார்கள். வீட்டையும் கொல்லையையும் பங்கு பிரித்த அண்ணன் தம்பி இருவர் குடத்தின் இடத்தைப் பிரிக்க வழி தெரியாமல், ஒரே இடத்தில் ஆளுக்கொரு செம்பை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தண்ணீர் பிடித்தார்கள்.

மேலத் தெருக் குடங்கள் முடிகிற இடத்தில் ஒரு வெள்ளைக் கல் உண்டு. பொங்கலுக்குப் பொங்கல் அதற்குச் சுண்ணாம்பு அடித்துப் பொட்டு வைப்பார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் காலனிக் குடங்கள். பெரும்பாலும் குழாய்த் தண்ணீர் வெள்ளைக் கல்லை எட்டும் முன்னாலேயே செத்துப்போகும், காலனிக்காரர்கள் காலிக் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வேறு குடத்தோடு உப்புக் கிணற்றுக்கு நடப்பார்கள். இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, இதில் அசிங்கம் எதுவும் இருப்பதாக மேலத் தெருவில் யாருக்கும் தோன்றியதே இல்லை, மூக்கு இருக்கிறவர்கள்தானே அவர்களும்.

வரிசையின் கடைசியில் நின்ற பச்சை பிளாஸ்டிக் குடம் முத்துராக்குவுடையது, அடியில் ஓட்டை விழுந்த இடத்தைச் சூட்டுக்கத்தியால் உருக்கி அடைத்திருப்பாள். அவள் புருஷன் இருளாண்டிக்குக் கல்லடைப்பு. உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்து வயிற்றுக்குள் கல் விளைந்து, ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் துண்டைக் கடித்துக்கொண்டு அழுவான். கோவில்பட்டி டாக்டர் பார்த்துவிட்டு, நல்ல தண்ணீர் குடி, நிறையக் குடி, இன்னும் உப்புத் தண்ணீர் குடித்தால் ஆள் தேற மாட்டாய் என்று சொல்லி அனுப்பியிருந்தார். முத்துராக்கு அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள், எதற்குச் சிரிக்கிறாள் என்று டாக்டருக்குப் புரியவில்லை. அவர்களுக்கு ஒரே மகள், இளவஞ்சி. இங்கிலீஷ் படித்து, பி.எட். முடித்து, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே இங்கிலீஷ் டீச்சராக இருந்தாள். மேலத் தெருக்காரர்கள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் அவளை எப்படி வைத்தார்கள் என்றால், அந்தச் சம்பளத்துக்கு அந்தக் காட்டுக்கு வேறு யாரும் வரவில்லை, அதனால்தான். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஸ்டாஃப் ரூம் பானையில் அவள் தண்ணீர் மொள்ள மாட்டாள், வீட்டிலிருந்து பாட்டிலில் உப்புத் தண்ணீர் கொண்டுவருவாள், அது யாரும் சொல்லாமலே நடந்த ஏற்பாடு.

அவள் வருவதற்கு முன்னால் எங்கள் ஊரில் யாரும் இங்கிலீஷில் கேள்வி கேட்டதில்லை. பதில்களை மட்டும் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்திருந்தோம். இளவஞ்சிதான் பிள்ளைகளை வகுப்புக்கு முன்னால் வரிசையாக நிற்க வைத்து, ஆளுக்கொரு அட்டையில் ஒரு வார்த்தையை எழுதிக் கையில் கொடுத்து, தி வாட்டர் ஹேஸ் கம் என்று வரிசையாகச் சொல்லச் சொல்வாள். பிறகு 'ஹேஸ்' அட்டைக்காரப் பிள்ளையைப் பார்த்து, நீ உன் இடத்தை விட்டு வெளியே வா, எல்லாருக்கும் முன்னால் போய் நில், இப்போது சொல்லுங்கள் என்பாள்.

"இப்ப இது கேள்வி ஆயிருச்சு. பாத்தீங்களா? புது வார்த்தை ஒண்ணும் வரலை. பின்னாடி நின்னது முன்னாடி வந்துச்சு, அவ்வளவுதான்."

"தமிழ்ல எப்படி டீச்சர்?" என்று கேட்டாள் மேலத் தெருப் பெரியவர் பெரியதுரை அண்ணாச்சியின் பேத்தி நிவேதிதா. வகுப்பில் முதலாகப் படிக்கிறவள்.

"தமிழ்ல யாரும் அசைய வேண்டாம். எல்லாரும் நின்ன எடத்துலயே நிக்கலாம். கடைசியில ஒரு 'ஆ' போட்டாப் போதும், வந்துச்சா, கெடச்சதான்னு."

பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு வகுப்பு மொத்தமும் ஒரே குரலில், சுவர் அதிர, ஹேஸ் தி வாட்டர் கம் என்று கேட்டது. கேட்டு முடிக்கவும் மணி அடித்தது. சுவருக்கு வெளியே, வெள்ளைக் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்ற காலனிக் குடங்கள் அத்தனையும் மெல்லத் தரையைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்து குழாய்க்கு முன்னால் வந்து நின்றன. மேலத் தெருவின் எவர்சில்வர் குடங்களும் பித்தளைக் குடங்களும் சத்தம் போடாமல் பின்னால் போய்க் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டன. முதலில் நின்றது முத்துராக்குவின் பச்சைக் குடம். சற்று நேரத்தில் குழாய் சீறியது, தண்ணீர் வந்தது.

முத்துராக்கு குடத்தைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், மேலத் தெருப் பெண்களைப் பார்த்தாள். முறை வந்த குடத்தை யாரும் தடுக்கக் கூடாது, அதுவும் ஊர்க் கட்டுப்பாடுதான். அவள் பிடித்தாள். காலனியே பிடித்தது. தண்ணீர் வெள்ளைக் கல்லுக்கு முன்னாலேயே வழக்கம்போலச் செத்துப்போனது, ஆனால் இந்தத் தடவை கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் வேறு ஆட்கள்.

குடம் தானாக நகர்ந்ததே என்று ஒருத்தர்கூட ஆச்சரியப்படவில்லை. எந்தக் குடம் எந்தக் குடத்தை உரசிக்கொண்டு போனது, அதுதான் பேச்சு. காலனிக் குடம் உரசியதாகச் சந்தேகப்பட்ட குடங்களையெல்லாம் புளி போட்டுத் தேய்த்தார்கள், தேய்த்துக் கழுவுவதற்கு வீட்டில் மிச்சமிருந்த நல்ல தண்ணீரையெல்லாம் ஊற்றினார்கள். பெரியதுரை அண்ணாச்சி வீட்டிலிருந்து ஆள் வந்து பித்தளைக் குழாய்க்குச் சாணிப்பால் ஊற்றித் தீட்டுக் கழித்தான். அன்று மாலை மேலத் தெருப் பிள்ளைகள் அந்தக் குழாயின் மூக்கில் வாயை வைத்து, கடைசிச் சொட்டுக்காகச் சாணியோடு சேர்த்து உறிஞ்சினதை என் கண்ணால் பார்த்தேன். அதில் தீட்டு இல்லையாம். த்தூ.

பிடித்து முடித்ததும் குடங்களை மறுபடி பாட்டன் காலத்து இடத்திலேயே வைத்தார்கள். அடுத்த வாரமும் பாடம் நடந்தது, குடங்கள் நகர்ந்தன. அதற்கடுத்த வாரமும் நகர்ந்தன. மேலத் தெருக்காரர்கள் குடங்களைக் கயிற்றால் ஒன்றோடு ஒன்று கட்டினார்கள், கயிற்றோடு நகர்ந்தன. மணலை நிரப்பி வைத்தார்கள், மணலோடு நகர்ந்தன, நகர்ந்த பிறகு மணலைக் கொட்டிக் கழுவ மறுபடி தண்ணீர் வேண்டியிருந்தது. ஒருத்தி மட்டும் ஊர்க் கட்டுப்பாட்டை மறந்து தன் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள், அந்தக் குடம் நகரவே இல்லை. ஆனால் அவள் மாமியார் வந்து, கூலிக்காரி மாதிரி குடத்தைச் சுமந்துகொண்டு தெருவில் நிற்கிறாயே, குடத்துக்கு இடம் இல்லாத வீடா நம் வீடு என்று கத்தி, குடத்தைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். வைத்ததும் அதுவும் மற்றதோடு போய்விட்டது. அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் பார்த்ததை அன்றைக்கே மறந்தார்கள்.

அந்த வாரங்களில் இருளாண்டி தேறினான். ஆற்றுத் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்தான், குடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். ஒருநாள் காலையில் ஒன்றுக்குப் போய்விட்டுத் துண்டைக் கடிக்காமல் திரும்பி வந்து, மகளைப் பார்த்து, "ஆத்தா, இன்னைக்கு எரியலை" என்றான். இளவஞ்சி பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனாள்.

நிவேதிதா வீட்டில் பாடம் ஒப்பித்த அதே நேரத்தில் குழாயடியில் குடங்கள் நகர்ந்தன, அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. பெரியதுரை அண்ணாச்சி குழாய்க் கமிட்டிக்கும் தலைவர், பள்ளிக்கூடத்துக்கும் செக்ரட்டரி. வெளியாட்கள் இருக்கும்போது 'டீச்சரம்மா' என்பார், இல்லாதபோது 'ஏட்டி' என்பார். அன்றைக்கு ஆபீஸ் அறையில் வெளியாட்கள் யாரும் இல்லை.

"ஏட்டி, உனக்குச் சம்பளம் தாரது பதில் சொல்லிக்குடுக்க. கேள்வி எதுக்கு?"

"பரீட்சையில வரும் சார்."

"வந்துட்டுப் போவுது. கேள்வி கேக்க ஆளு வேற இருக்கான். நம்ம பிள்ளைக பதில் சொன்னாப் போதும்."

அன்றோடு முள்ளூரணியில் இங்கிலீஷ் கேள்விக்குத் தடை வந்தது. காலனியில் யாராவது வாயைத் திறந்தால் குழாய்க்குப் பூட்டுப் போட்டுவிடுவோம், மேலத் தெரு லாரித் தண்ணீர் வாங்கிக் குடிக்கும், நீங்கள் மண்ணைத் தின்னுங்கள் என்று தண்டோரா போடாத குறையாகச் சொல்லி அனுப்பினார்கள், காலனி வாயை மூடிக்கொண்டது. மேலத் தெருவும் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தது, அதுதான் வேடிக்கை. டி.வி.யில் கோட்டு போட்டவன் இங்கிலீஷில் எதையாவது கேட்டுவிடுவானோ என்று சத்தத்தைக் குறைத்து உதடு அசைவதை மட்டும் பார்த்தார்கள். அமெரிக்காவிலிருந்து தாத்தா வீட்டுக்கு வந்த பொடிப்பயல் ஒருவன் காரை விட்டு இறங்கியதும், ஈஸ் திஸ் அவர் என்று ஆசையாகக் கேட்க ஆரம்பிக்க, பெற்ற தாயே ஓடிவந்து அவன் வாயில் முந்தானையைத் திணித்தாள். பிள்ளை நீலம் பாரித்துப் போனான். தெரு நிம்மதியாக மூச்சு விட்டது. குழாய் முன்னால் பழைய வரிசை திரும்பி வந்தது, இருளாண்டியின் வாய்க்குள் பழைய துண்டும் திரும்பி வந்தது.

இந்த நேரத்தில்தான் காலனிக்காரர்கள் எப்போதோ கொடுத்திருந்த புகார் ஒன்றுக்காக ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளைக் கல்லைப் பார்த்தார். கல்லுக்கு அந்தப் பக்கம் வெயிலில் வெளிறிக் கிடந்த பிளாஸ்டிக் குடங்களைப் பார்த்தார். கோபம் வந்தால் இங்கிலீஷ் வருகிற ஆள் அவர். பெரியதுரை அண்ணாச்சி பக்கம் திரும்பி, ஈஸ் திஸ் ஹௌ யூ ட்ரீட் பீப்பிள் என்று கத்தினார். கத்திவிட்டுக் குடங்களைக் காட்டக் கையை நீட்டிக்கொண்டு திரும்பினால், பிளாஸ்டிக் குடங்கள் குழாய்க்கு முன்னால் நின்றன, மேலத் தெருக் குடங்கள் பணிவாகப் பின்னால் நின்றன. அதிகாரி நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு, "பேஷ், காலனிக்குத்தான் முதல் தண்ணியா? இதை நான் மேலிடத்துக்கு எழுதுறேன்" என்று பெரியதுரை அண்ணாச்சியின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். கேள்வி கேட்டாலே சரியாகிவிடுகிறது என்றால், கேட்டதோடு போய்விடலாமே. நிறையப் பேர் அப்படித்தான் போய்விடுகிறார்கள்.

முதுகில் தட்டு வாங்கிய பெரியதுரை அண்ணாச்சி மறுநாள் காலையில் மேலத் தெருக்காரர்களைக் கூட்டிக்கொண்டு குழாயடிக்கு வந்தார், தன் பித்தளைக் குடத்தைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் வைத்தார். தெருவே அதற்கு முன்னால் தன் குடங்களை வைத்தது. காலனிக் குடங்களைக் குச்சியால் தள்ளி முன்னால் விட்டார்கள், கையால் தொடவில்லை.

"ஏ முத்துராக்கு, இன்னையில இருந்து நீதான் மொத ஆளு. போதுமா?" என்றார்.

"அய்யா எதுக்கு இப்படி..." என்று ஆரம்பித்தாள் அவள். அவருடைய சிரிப்பைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஊருக்கு நல்லிணக்க விருது வந்தது. குழாய்க்கு மேலே நீல நிறத்தில் போர்டு மாட்டினார்கள். அதே அதிகாரி வந்து பச்சைக் குடத்துக்கு மாலை போட்டார், குடத்துக்குப் பக்கத்தில் முத்துராக்கு, முத்துராக்குவுக்குப் பக்கத்தில் பெரியதுரை அண்ணாச்சி, படம் பேப்பரில் வந்தது. அந்தப் படத்தில் அவர் அவள் தோளில் கை போட்டிருப்பது மாதிரி இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும், கை தோளில் படாமல் காற்றில் நிற்கும். ஜீப்பின் புழுதி அடங்கியதும் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"டீச்சரம்மா" என்றார், யாரும் இல்லாதபோதே அப்படிக் கூப்பிட்டார். "அந்தப் பாடத்தைத் திரும்ப ஆரம்பிங்க. தண்ணி வார அன்னைக்கு, குழாய் சீறும்போது, ஒரே ஒரு தடவை. பிள்ளைக சத்தமாக் கேக்கணும். இந்த வருசம் உங்க வேலையை நிரந்தரம் பண்ணிருவோம்."

பின்னால் நிற்பது முன்னால் வரும் என்றால், பின்னால் போய் நின்றுகொண்டால் ஆயிற்று. என் ஊர்க்காரர்களின் மூளை இப்படி வேலை செய்வதைக் கண்டு எனக்குக் கோபம்கூட வரவில்லை, குமட்டல்தான் வந்தது. வாரா வாரம் இது நடந்தது. வெளியூரிலிருந்து யார் வந்து பார்த்தாலும் காலனிக் குடங்கள் முன்னால் நிற்கும், மேலே நீல போர்டு பளபளக்கும். குழாய் சீறும், சுவருக்குள்ளிருந்து பிள்ளைகள் ஹேஸ் தி வாட்டர் கம் என்று ஒரே குரலில் கேட்பார்கள், குடங்கள் இடம் மாறும், மேலத் தெரு பிடிக்கும், தண்ணீர் சாகும், காலிக் குடங்களை மறுபடி போர்டுக்கு ஏற்ற மாதிரி வைப்பார்கள். காலனிக்காரர்கள் புகார் கொடுக்கப் போனால், விருது வாங்கின ஊரிலிருந்தா வருகிறீர்கள், முதல் தண்ணியே உங்களுக்குத்தானே, பேராசை கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். மேலத் தெருப் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டே, நாம் எவ்வளவு விட்டுக்கொடுத்துப் போகிறோம் பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள், பேசிப் பேசி அதை நம்பவும் ஆரம்பித்தார்கள். சாணி பூசிய குழாயில் வாய் வைத்த அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வரவில்லை.

இருளாண்டி எழுந்து நடப்பதை நிறுத்திவிட்டான். முத்துராக்கு உப்புத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கொடுப்பாள், உப்பு எங்கே துணியில் தங்கும்? ஒருநாள் சாயங்காலம் இளவஞ்சி பக்கத்தில் உட்கார்ந்து கால் அமுக்கிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்:

"ஆத்தா, உன் பிள்ளைக நல்லாச் சத்தமாத்தான் கேக்குதுக. இங்க வரைக்கும் கேக்குது."

அவன் குறையாகச் சொல்லவில்லை. மகளின் வகுப்பு நன்றாக நடக்கிறது என்று பெருமையாகத்தான் சொன்னான். இளவஞ்சி அமுக்கிக்கொண்டிருந்த காலை விட்டுவிட்டு வெளியே போய் வேலியோரம் வாந்தி எடுத்தாள். முத்துராக்கு பின்னாலேயே போய் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கேக்கலைன்னா வேலை போயிரும்மா."

"போனாப் போகட்டும்த்தா."

"குழாயைப் பூட்டிருவாக."

"இப்ப மட்டும் என்ன தெறந்தா கெடக்கு?"

அடுத்து தண்ணீர் வந்த நாளில் குழாய் சீறியது. மேலத் தெரு முழுவதும் வரிசையின் பின்னால் தயாராக நின்று சுவரைப் பார்த்தது. சுவருக்குள் சத்தமே இல்லை. பெரியதுரை அண்ணாச்சி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது பிள்ளைகள் அட்டைகளோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள், இளவஞ்சி நாற்காலியில் உட்கார்ந்து தன் பாட்டிலைத் திறந்து உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சரம்மா, தண்ணி வந்துட்டு. கேக்கச் சொல்லுங்க."

"வந்தது தெரிஞ்சுபோச்சே சார். பெறகு எதுக்குக் கேக்கணும்?"

"ஏட்டி!"

அவள் பாட்டிலை மூடினாள். "இன்னைக்குக் கேள்வி கெடையாது" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு எழுந்து நின்றாள். பெரியதுரை அண்ணாச்சிக்கு அவளோடு மல்லுக்கட்ட நேரம் இல்லை, குழாயில் தண்ணீர் விழ ஆரம்பித்திருந்தது. அவர் பேத்தியைப் பார்த்தார். வகுப்பில் முதலாகப் படிக்கிற பிள்ளை, சொல்லிக்கொடுத்த பாடத்தை மறக்காத பிள்ளை. நிவேதிதா டீச்சரைப் பார்த்தாள், தாத்தாவைப் பார்த்தாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழகான உச்சரிப்பில் கேட்டாள். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை, இளவஞ்சி அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். குடங்கள் இடம் மாறின.

அப்போது காலனிப் பக்கத்திலிருந்து, அதுவரை வாயை மூடியிருந்த கூட்டத்திலிருந்து, யாரோ ஒருத்தன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஹேஸ் தி வாட்டர் கம் என்றான். வாரா வாரம் சுவருக்கு வெளியே நின்று கேட்ட பாடம்தானே. குடங்கள் திரும்பி வந்தன. முதலில் நின்றவள் குனிவதற்குள் மேலத் தெருவிலிருந்து ஒருத்தர் கேட்டார், குடங்கள் பின்னால் போயின. காலனி கேட்டது, முன்னால் வந்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரிய மனிதர்கள் கேட்டார்கள், சேலையைச் செருகிக்கொண்டு பெண்கள் கேட்டார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கேட்டார்கள், பல் விழுந்தவர்கள் கேட்டார்கள், ஊர் மொத்தமும் நரம்பு புடைக்க, எச்சில் தெறிக்க, தண்ணீர் வந்ததா வந்ததா என்று இங்கிலீஷில் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்த, குடங்கள் முன்னும் பின்னும் தேய்ந்து தேய்ந்து ஓட, வந்த தண்ணீர் யாருடைய குடத்திலும் விழாமல் தரையில் விழுந்து, சேறாகி, வாய்க்காலாகி, ஊரணி முள்ளுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களும், அவன் பிடிப்பதற்குப் பதில் முள் குடித்தால் பரவாயில்லை என்று மறுபடி வாயைத் திறந்தார்கள்.

முத்துராக்கு கத்தவில்லை. தன் பச்சைக் குடம் முன்னால் வருவதையும் பின்னால் போவதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அது எதிரே தேய்ந்துகொண்டு வந்தபோது குனிந்து, ஓடுகிற கோழியைப் பிடிக்கிற மாதிரி, அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கி இடுப்பில் வைத்தாள். முறை வராத குடத்தின்மேல் கை வைத்தாள். மேலத் தெரு கேட்டது, அவள் குடம் நகரவில்லை. காலனி கேட்டது, அப்போதும் நகரவில்லை. அவள் வரிசைக்கு வெளியே, ஓரமாக, சேற்றில் கால் வைத்து நடந்து போய், குழாயின் கீழே குடத்தைப் பிடித்தாள். நிறைகிறவரை பொறுமையாக நின்றாள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இளவஞ்சிக்கு அன்றோடு வேலை போனது, இப்போது வேறோர் ஊரில் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுக்கிறாள். குழாய்க்குப் பூட்டுப் போடப் பார்த்தார்கள், காலனிப் பெண்கள் ஆளுக்கொரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயைச் சுற்றி நின்றார்கள், பூட்டைக் கொண்டுவந்தவன் போட இடம் இல்லாமல் திரும்பினான். மேலத் தெருக் குடங்கள் மட்டும் இன்றைக்கும் தரையில் வரிசையாக நிற்கின்றன, நீல போர்டு இன்னும் தொங்குகிறது, அதன் கீழே நடந்து போகும்போது நான் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

ஆனால் அன்றைக்குக் குடம் நிறைந்ததும் முத்துராக்கு திரும்பி நடந்தாள். கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருத்தராக வாயை மூடினார்கள். வெள்ளைக் கல்லைத் தாண்டும்போது குடம் தளும்பிக் கல்லின்மேல் கொஞ்சம் தண்ணீர் சிந்தியது, அவள் நிற்கவில்லை. வீட்டில் ஒருத்தன் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தான். பெரியதுரை அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது, இங்கிலீஷ் தீர்ந்துபோயிருந்தது. அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏ முத்துராக்கு, வரிசையில வராம எடுத்துட்டுப் போறியே, இது நியாயமா?"

தமிழில்தான் கேட்டார். தமிழில் கேட்டால் யாரும் அசைய வேண்டியதில்லை. ஊர் முழுக்க அவரவர் நின்ற இடத்திலேயே நின்றது, குடங்களும் நின்றன. முத்துராக்கு மட்டும் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள்.